எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குக் காய்ச்சல்: ரத்த டிஎன்ஏ பரிசோதனையை எப்போது அனுப்புவது, எப்படிப் படிப்பது

காய்ச்சல் தொடங்கி நான்காவது நாள். ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் மூன்று முறை எடுத்தும் எதுவும் வளரவில்லை. ஆன்டிபயாடிக் ஒருமுறை மாற்றியாகிவிட்டது. நெஞ்சு சிடி ஸ்கேனில் சின்னதாக ஒரு நிழல் தெரிகிறது. பூஞ்சையா, பாக்டீரியாவா, ரத்தக் கசிவா என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியவில்லை. கீமோ எடுத்தவர், ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர், மாற்றுச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற மருந்து சாப்பிடுபவர் என்று பலரும் வந்து நிற்கும் இடம் இது. அப்போது யாராவது ஒருவர் கேட்பார்: "ரத்தத்துல கிருமியோட டிஎன்ஏவையே கண்டுபிடிக்கிற டெஸ்ட் இருக்காமே, அதை அனுப்பலாமா?"

அனுப்பலாம். சில நோயாளிகளின் சிகிச்சையையே திருப்பிப்போடும் பரிசோதனை அது. ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ரத்தத்தில் யார் யாருடைய டிஎன்ஏ மிதக்கிறது என்பதை. அவர்களில் நோயைக் கொடுத்தது யார் என்பதை நோயாளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த வித்தியாசம் மனதில் இல்லாமல் அனுப்பும் சாம்பிள், பதிலைவிடக் குழப்பத்தையே அதிகம் கொண்டுவரும். இளம் மருத்துவர்களையும், நோயாளியின் கூடவே இருந்து எல்லாவற்றையும் புரிந்துகொள்ளப் பாடுபடும் குடும்பத்தினரையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

இவர்களிடம் கிருமி ஏன் ஒளிந்துகொள்கிறது

நோயின் அடையாளங்கள் என்று நாம் கற்றுக்கொண்டவற்றில் பாதி, கிருமி செய்பவை அல்ல. அதை எதிர்த்து நம் உடல் செய்பவை. சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன நியூட்ரோபில்கள்தான், அதாவது கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள். நியூட்ரோபிலே இல்லாதவருக்குச் சீழ் எங்கிருந்து வரும்? நிமோனியா இருந்தும் எக்ஸ்ரே ஏறக்குறையத் தெளிவாக இருக்கலாம். மூளைக்காய்ச்சல் இருந்தும் கழுத்து விறைக்காமல் இருக்கலாம். ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனைகளும் இவர்களிடம் ஏமாற்றும்: ஆன்டிபாடி தயாரிக்கவே முடியாத உடலில் "நெகட்டிவ்" என்ற முடிவுக்கு மதிப்பு இல்லை.

இதற்கு மேல், பலரும் ஏற்கெனவே தடுப்பு மருந்தாக ஆன்டிபயாடிக்கும் பூஞ்சை மருந்தும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கல்ச்சரில் கிருமி உயிரோடு வளர வேண்டும்; அரை உயிரில் இருப்பது வளராது. நியூட்ரோபில் குறைந்த நிலையில் வரும் காய்ச்சல்களில் பிளட் கல்ச்சர் பாசிட்டிவ் ஆவது ஏறக்குறைய 10 முதல் 25 சதவீதம் பேரில்தான். மீதிப் பேருக்குச் சிகிச்சை அனுமானத்தில்தான் நடக்கிறது. இந்த இடைவெளியில்தான் டிஎன்ஏ பரிசோதனைக்கு வேலை இருக்கிறது. அதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

மிதக்கும் டிஎன்ஏ

செல்லுக்கு வெளியே, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் டிஎன்ஏ துண்டுகள் மிதக்கின்றன என்று 1948-இல் மாண்டல், மெத்தே என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1997-இல் ஹாங்காங்கில் டென்னிஸ் லோ, கர்ப்பிணியின் பிளாஸ்மாவில் கருவிலுள்ள குழந்தையின் டிஎன்ஏ இருப்பதைக் காட்டிய பிறகுதான் இந்தத் துறை வேகமெடுத்தது. குழந்தையின் டிஎன்ஏ தாயின் ரத்தத்தில் கலக்கிறது என்றால், நுரையீரலின் மூலையில் செத்துக்கொண்டிருக்கும் ஒரு பூஞ்சையின் டிஎன்ஏவும் அங்கே வரலாம் அல்லவா?

வருகிறது, ஆனால் மிகக் குறைவாக. பிளாஸ்மாவில் உள்ள டிஎன்ஏவில் 99 சதவீதத்துக்கும் மேல் நம்முடையதே. நம் துண்டுகள் பெரும்பாலும் 160, 170 எழுத்து நீளம் இருக்கும். புரத உருண்டைகளைச் சுற்றி இருப்பதால் அந்த அளவில்தான் அறுபடும். கிருமிகளின் துண்டுகள் இன்னும் குட்டை, பெரும்பாலும் 100 எழுத்துக்குக் கீழே. இவை நெடுநேரம் தங்குவதும் இல்லை. சில நிமிடங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் பாதி காணாமல் போய்விடும். ஆகவே இன்று காலை எடுத்த ரத்தத்தில் கிருமியின் டிஎன்ஏ இருந்தால், இன்று காலை உடலில் எங்கோ ஓரிடம் அதை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த இடம் எது, அதனால் தீங்கு உண்டா என்பது வேறு கேள்வி.

படி 1: காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் முடியுங்கள்

நியூட்ரோபில் எண்ணிக்கை 500-க்குக் கீழே, அல்லது அடுத்த 48 மணி நேரத்தில் 500-க்குக் கீழே போகும் என்று தெரிகிறது. வெப்பநிலை ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது, அல்லது 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றது. இது அவசரநிலை. குறைந்தது இரண்டு செட் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டும். சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாயில் பொருத்திய குழாய்) இருந்தால் ஒன்று அதிலிருந்தும் ஒன்று கையிலிருந்தும். முதல் டோஸ் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். எந்த டிஎன்ஏ பரிசோதனைக்காகவும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கல்ச்சரை விட்டுவிட்டு நேரே டிஎன்ஏவுக்குப் போவதும் தவறு. கல்ச்சரில் வளரும் கிருமி நம் கையில் உயிரோடு கிடைக்கிறது; எந்த மருந்துக்கு அது சாகும் என்று நேரடியாகச் சோதிக்கலாம். டிஎன்ஏ பரிசோதனை பெயரைத் தரும். சில வகைகள் குறிப்பிட்ட சில எதிர்ப்பு மரபணுக்களையும் சொல்லும். முழு மருந்துப் பட்டியலைத் தராது.

கல்ச்சர் பாட்டிலில் ஊற்றும் ரத்தத்தின் அளவும் முக்கியம். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர். மூன்று மில்லி மட்டும் ஊற்றிவிட்டு "கல்ச்சர் நெகட்டிவ், டிஎன்ஏ அனுப்புவோம்" என்பது, கதவைத் தட்டாமலே ஆள் இல்லை என்று திரும்பி வருவது போல.

படி 2: எந்தச் சக்தி குறைந்திருக்கிறது என்று எழுதுங்கள்

என் கணக்கில் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான படி இதுதான், அடிக்கடி விட்டுப்போவதும் இதுதான். "எதிர்ப்பு சக்தி குறைவு" என்று எல்லோரையும் ஒரே பெட்டியில் போடுகிறோம். எந்தச் சுவர் இடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து உள்ளே வரும் ஆள் வேறு.

நியூட்ரோபில் இல்லாதவருக்கு முதல் வாரத்தில் வருவது பெரும்பாலும் அவருடைய சொந்தக் குடலிலும் வாயிலும் இருக்கும் பாக்டீரியாக்கள்: ஈ. கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், வாய்ப்புண் இருந்தால் விரிடன்ஸ் வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். கேண்டிடாவும் இதே வழியாக வரலாம். ஒரு வாரம், பத்து நாள் தாண்டியும் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ், மியூகோர் போன்ற இழைப் பூஞ்சைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெள்ளணுக்களில் இன்னொரு வகையான டி செல் குறைந்தவரின் கதையே வேறு. அதிக டோஸ் ஸ்டீராய்டு, உறுப்பு மாற்று மருந்துகள், கட்டுப்படாத எச்ஐவி ஆகியவை இந்த வகை. சைட்டோமெகலோ வைரஸ் என்ற சிஎம்வி, நியூமோசிஸ்டிஸ், டாக்ஸோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ், நோகார்டியா, காசநோய் எல்லாம் இங்கே வரும். எச்ஐவியில் சிடி4 (டி செல்களில் ஒரு வகை) எண்ணிக்கை 200-க்குக் கீழே போனால் நியூமோசிஸ்டிஸும், 100-க்குக் கீழே போனால் டாக்ஸோபிளாஸ்மாவும் கவலை தருபவை.

மண்ணீரல் எடுத்தவர், ஆன்டிபாடி குறைந்தவர் என்றால் நிமோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். மூட்டுவாதம் போன்றவற்றுக்கு டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி போடுபவருக்குக் காசநோயை மறக்கக் கூடாது.

எனவே பரிசோதனைப் படிவத்தில் "காய்ச்சல், காரணம் தெரியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "தீவிர ரத்தப் புற்றுநோய், நியூட்ரோபில் 16 நாளாகப் பூஜ்யம், தடுப்புக்கு வோரிகோனசோல், வலது நுரையீரலில் புதிய முடிச்சு, கேலக்டோமனன் நெகட்டிவ். மியூகோர் வகைப் பூஞ்சையா?" (வோரிகோனசோல் ஒரு பூஞ்சை மருந்து; கேலக்டோமனன், ஆஸ்பெர்ஜில்லஸைத் தேடும் பரிசோதனை.) இதை எழுதும்போதே, என்ன பதில் வந்தால் என்ன மாற்றுவீர்கள் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எந்தப் பதில் வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை என்றால், அந்த ரத்தத்தை எடுக்க வேண்டியதில்லை. கீமோவில் இருப்பவருக்கு ஒவ்வொரு மில்லி ரத்தமும் கணக்குதான்.

படி 3: இரண்டு வகையில் எது வேண்டும்

முதல் வகை, குறிவைத்துத் தேடும் பிசிஆர். ஒரு கிருமியின் பெயரைச் சொல்லித் தேடுகிறோம். இருக்கிறதா, எவ்வளவு என்று பதில் வருகிறது. சிஎம்வி, எப்ஸ்டீன்-பார் வைரஸ், அடினோ வைரஸ், சிறுநீரக மாற்று செய்தவர்களுக்கு பிகே வைரஸ் ஆகியவற்றை ரத்தத்தில் இப்படித்தான் அளக்கிறோம். வேகமானது, அளவு நம்பகமானது. பெயர் மனதில் இருந்தால் இதிலேயே தொடங்குங்கள்.

இரண்டாவது வகை, பெயரே சொல்லாமல் பிளாஸ்மாவில் உள்ள எல்லா டிஎன்ஏ துண்டுகளையும் படித்து, மனித வரிகளை நீக்கிவிட்டு, மிச்சத்தைக் கிருமிகளின் மரபணு நூலகத்தோடு ஒப்பிடுவது. மெட்டாஜீனோமிக் சீக்வென்சிங் என்று பெயர். கேரியஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பரிசோதனையைப் பற்றி 2019-இல் வெளிவந்த கட்டுரை, 1,250 கிருமிகளை இப்படி அடையாளம் காண முடியும் என்று காட்டியது. செப்சிஸ் (தொற்றால் உடல் முழுவதும் பாதிக்கப்படும் நிலை) சந்தேகமுள்ள 350 பேரின் ரத்தத்தில் பிளட் கல்ச்சரோடு அதன் ஒத்துப்போதல் 93.7 சதவீதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அன்றாட மருத்துவத்தில் என்ன ஆகிறது? 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் ஐந்து நிறுவனங்களில் வழக்கமான சிகிச்சையின்போது அனுப்பப்பட்ட 82 பரிசோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு நன்மை செய்தவை 7.3 சதவீதம். தீமை செய்தவை 3.7 சதவீதம். 86.6 சதவீதத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதே பரிசோதனையை, தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்து பார்த்த ஆய்வு இன்னொன்று: எதிர்ப்பு சக்தி குறைந்து, நிமோனியாவுக்காக பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யவிருந்த 173 பேர், 10 மையங்கள். மற்ற எல்லாப் பரிசோதனைகளும் சேர்ந்து சொல்லாத காரணத்தை இது 13 பேரில் சொன்னது, அதாவது 7.5 சதவீதம். வழக்கமான பரிசோதனைகளில் விடை கிடைக்காத 107 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால் 12.1 சதவீதம்.

எட்டில் ஒருவருக்கு வேறு எந்த வழியிலும் கிடைக்காத விடை என்பது சின்ன விஷயம் இல்லை. எட்டில் ஏழு பேருக்கு அது கிடைக்கவில்லை என்பதையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசி நம்பிக்கையாக அதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்களிடம், வந்த தாளைப் பார்த்துவிட்டு "இதில் ஒன்றும் இல்லை" என்று சொல்வது கொடுமை.

என் அளவுகோல் இதுதான். வழக்கமான பரிசோதனைகள் முடிந்தும் காரணம் தெரியாமல், பயாப்ஸியோ பிராங்கோஸ்கோப்பியோ செய்ய முடியாத அளவுக்குத் தட்டணுக்கள் குறைந்து அல்லது மூச்சு மோசமாகி இருக்கும் நோயாளிக்கு சீக்வென்சிங் முதலில் பொருந்தும். மியூகோர், நோகார்டியா, லீஜியோனெல்லா, டாக்ஸோபிளாஸ்மா போல வளர்க்கக் கடினமான கிருமி மீது சந்தேகம் இருந்தாலும் சீக்கிரமே அனுப்பலாம்.

படி 4: ரத்தம் எடுப்பது

எளிய வேலை என்று நினைத்துத்தான் பலரும் இங்கே கோட்டை விடுகிறார்கள்.

ஹெப்பாரின் குழாய் வேண்டாம். ஹெப்பாரின் பிசிஆர் வினையைத் தடுக்கும். ஈடிடிஏ குழாய், அல்லது செல்கள் உடையாமல் காக்கும் திரவம் உள்ள சிறப்புக் குழாய், எது என்று சாம்பிளை வாங்கும் லேபிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். தோலைக் கல்ச்சருக்குச் சுத்தம் செய்வது போலவே சுத்தம் செய்ய வேண்டும். பெயரில்லாமல் எல்லாவற்றையும் தேடும் பரிசோதனை, தோலில் இருப்பதையும் சேர்த்தே காட்டும்.

ஈடிடிஏ குழாய் என்றால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. குழாய்க்குள் வெள்ளணுக்கள் ஒவ்வொன்றாக உடையும். உடையும் ஒவ்வொன்றும் தன் டிஎன்ஏவைப் பிளாஸ்மாவில் கொட்டும். ஏற்கெனவே கடலில் ஊசியாக இருக்கும் கிருமியின் துண்டு இன்னும் அமிழ்ந்துபோகும். சில மணி நேரத்துக்குள் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரிக்க வேண்டும். சுற்றி முடித்துக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, அடியில் கருஞ்சிவப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வெளிர் படலம். வெள்ளணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. பிப்பெட்டை அந்தப் படலம்வரை இறக்காதீர்கள். மேலே அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவை அப்படியே விட்டுவிடுங்கள். கொஞ்சம் வீணாகிறதே என்ற ஆசையில் கடைசிவரை உறிஞ்சினால் மொத்தமும் கெட்டுவிடும். எடுத்த பிளாஸ்மாவை இன்னும் வேகமாக ஒருமுறை சுற்றினால் மிஞ்சிய செல்களும் அடியில் போய்விடும். அதன் பிறகு உறையவைக்கலாம். பிரிக்காத ரத்தத்தை ஒருபோதும் உறையவைக்கக் கூடாது. உருகும்போது எல்லாச் செல்லும் வெடித்திருக்கும்.

குழாயில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். அன்று எந்த மருந்து, எத்தனையாவது நாள் என்பதும் படிவத்தில் இருக்கட்டும்.

படி 5: லேபில் நடப்பது

டிஎன்ஏவைப் பிரித்து, துண்டுகளின் முனைகளில் அடையாளத் துணுக்குகளை ஒட்டி, கோடிக்கணக்கில் படிக்கிறார்கள். கணினி மனித வரிகளைத் தள்ளிவிட்டு மீதியை அடையாளம் காண்கிறது. சாம்பிள் லேபுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்றிரண்டு நாளில் முடிவு கிடைக்கலாம். போக்குவரத்து நாட்களைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: டிஎன்ஏவைப் பிரிக்கப் பயன்படுத்தும் ரசாயனங்களிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் போன்ற நீர், மண் பாக்டீரியாக்களும், தோலில் வாழும் கியூட்டிபாக்டீரியமும் இப்படி அடிக்கடி எட்டிப்பார்க்கும். நல்ல லேப் ஒவ்வொரு முறையும் நோயாளி சாம்பிளோடு வெறும் நீரையும் சேர்த்து ஓட்டி, அதில் தெரிவதைக் கழித்துவிடும். அந்தக் கட்டுப்பாட்டுச் சாம்பிள் ஓட்டினார்களா என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வர வேண்டிய கேள்வி அது.

படி 6: அறிக்கையை வரிவரியாகப் படிப்பது

படி 2-இல் எழுதிய அதே நோயாளிக்கு இப்படி ஓர் அறிக்கை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் மைக்ரோலிட்டருக்கு எத்தனை மூலக்கூறு என்ற கணக்கில்:

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைடிஸ் 640
என்டரோகாக்கஸ் ஃபீசியம் 210
மனித ஹெர்பிஸ் வைரஸ் 6 – 3,900
ரைசோபஸ் 38

கண் உடனே 3,900-க்குப் போகும். போகக் கூடாது. எண் பெரியது என்பதால் குற்றவாளி அதுதான் என்று ஆகாது. ஒவ்வொரு கிருமியின் மரபணுவும் வேறு அளவு, இருக்கும் இடம் வேறு, உடையும் வேகம் வேறு. இரண்டு வெவ்வேறு கிருமிகளின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பொருள் இல்லை.

முதல் வரி, வாய்ப் பாக்டீரியா. இவருக்குக் கீமோவால் வாயெல்லாம் புண் என்றால் புண் வழியாக அதன் டிஎன்ஏ கசிந்திருக்கலாம். உண்மையான ரத்தத் தொற்றாகவும் இருக்கலாம். ரத்த அழுத்தம் குறைகிறதா, கல்ச்சர் என்ன சொல்கிறது, இப்போது ஓடும் ஆன்டிபயாடிக் அதைத் தாக்குமா என்று பாருங்கள். இரண்டாவது வரி, குடல் பாக்டீரியா. வழக்கமாக முதலில் தொடங்கும் மருந்துகள் இதைத் தொடாது. வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு இருந்தால் இந்த வரி கனமாகிறது. இல்லாவிட்டால் குறித்துவைத்துக்கொண்டு நோயாளியை மறுபடி போய்ப் பாருங்கள்.

மூன்றாவது வரி பலரைத் தடுமாற வைத்திருக்கிறது. மனிதர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இந்த ஹெர்பிஸ் 6 வைரஸின் மரபணு அவர்களுடைய குரோமோசோமிலேயே பரம்பரையாகப் பதிந்திருக்கிறது. அவர்களின் ஒவ்வொரு செல்லிலும் அது இருக்கும். செல் செத்தால் அதன் டிஎன்ஏவும் வெளியே வரும். தொற்றே இல்லாமல் வாழ்நாள் முழுவதும் எண் உயரத்திலேயே நிற்கும். ஸ்டெம் செல் கொடுத்தவருக்கு அப்படி இருந்தால், மாற்றுக்குப் பின் வாங்கியவரின் ரத்தத்திலும் ஏறிவிடும். இது தெரியாமல், எலும்பு மஜ்ஜையையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் வைரஸ் மருந்தைத் தொடங்கிவிட்டால் நஷ்டம் நோயாளிக்கு. முழு ரத்தத்தில் செல்லுக்கு ஒரு பிரதி என்ற விகிதம் வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விளங்கிவிடும்.

நான்காவது வரிக்கு வருவோம். ரைசோபஸ், வெறும் 38. மியூகோர் குடும்பப் பூஞ்சை. இது நம் வாயிலோ குடலிலோ வழக்கமாகக் குடியிருப்பது அல்ல. நோயாளிக்கு நியூட்ரோபில் இரண்டு வாரமாக இல்லை, நுரையீரலில் முடிச்சு இருக்கிறது. கேலக்டோமனன் பரிசோதனையும், பீட்டா-டி-குளுக்கன் என்ற இன்னொரு பூஞ்சைப் பரிசோதனையும் இந்தக் குடும்பத்தைப் பிடிக்காது. ஆகவே அவை நெகட்டிவ் என்பது பொருந்தித்தான் போகிறது. அவர் எடுத்துக்கொண்டிருக்கும் வோரிகோனசோல் இதைக் கொல்லாது. எல்லாம் ஒரே பக்கம் சாய்கின்றன. அன்றைக்கே லைபோசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்துக்கு மாறி, அறுவை சிகிச்சை நிபுணரை அழைத்து, மூக்குப் புரைகளையும் படமெடுத்துப் பார்க்க வேண்டிய வரி இது. பட்டியலில் கடைசியாக, மிகச் சிறிய எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது.

நியூமோசிஸ்டிஸ், டாக்ஸோபிளாஸ்மா, லீஜியோனெல்லா, நோகார்டியா ஆகிய பெயர்கள் பொருத்தமான நோயாளியிடம் வந்தால் இதே மாதிரி, எண் சிறியது என்று ஒதுக்காதீர்கள். மாறாக டார்க் டெனோ என்ற வைரஸ் வந்தால் பதற வேண்டாம். அது ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் சாதுவான வைரஸ். எதிர்ப்பு சக்தி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பெருகும்.

படி 7: "எதுவும் இல்லை" என்று வந்தால்

நெகட்டிவ் அறிக்கை எதை விலக்குகிறது, எதை விலக்கவில்லை என்பது தெரியாவிட்டால் ஆபத்து அதிகம். பரிசோதனை டிஎன்ஏவைப் படிக்கிறது. இன்ஃப்ளூயன்சா, ஆர்எஸ்வி, கொரோனா போன்ற ஆர்என்ஏ வைரஸ்கள் இதில் தெரியவே தெரியாது. அவற்றுக்கு மூக்குச் சளியில் தனிப் பரிசோதனை வேண்டும்.

அடுத்தது பூஞ்சை. ஸ்டெம் செல் மாற்றுக்குப் பின் நிமோனியா வந்தவர்களில் செய்த ஓர் ஆய்வில், ஆஸ்பெர்ஜில்லஸ் உள்ளவர்களில் 31 சதவீதம் பேரில்தான் பிளாஸ்மா சீக்வென்சிங் அதைப் பிடித்தது. மற்ற இழைப் பூஞ்சைகளை 79 சதவீதம் பேரில் பிடித்தது. ஆகவே மேலே சொன்ன நோயாளிக்கு அறிக்கை காலியாக வந்திருந்தாலும் ஆஸ்பெர்ஜில்லஸைக் கைவிட்டிருக்க முடியாது. இந்தப் பரிசோதனையும் கேலக்டோமனனும் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைப்பவை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இடம். ஓரிடத்தில் சுவர் கட்டி அடைந்துகிடக்கும் சீழ்க்கட்டி, மூளை, கண், எலும்பு ஆகியவற்றிலிருந்து ரத்தத்துக்கு வரும் டிஎன்ஏ சொற்பம். சிஎம்வி குடலைத் தின்றுகொண்டிருக்கும்போதும் ரத்தத்தில் எண் மிகக் குறைவாகவே இருந்ததுண்டு. 2014-இல் மருத்துவ உலகம் வியந்து பேசிய ஒரு நிகழ்வை நினைவுபடுத்துகிறேன். பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத 14 வயதுச் சிறுவன், மூளைக்காய்ச்சல், மூளை பயாப்ஸி வரை போயும் காரணம் தெரியவில்லை. கலிஃபோர்னியாவில் அவனுடைய முதுகுத்தண்டு நீரை சீக்வென்ஸ் செய்தார்கள். முப்பது லட்சத்துச் சொச்சம் வரிகளில் 475 வரிகள் லெப்டோஸ்பைரா. பென்சிலின் கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டான். அந்த விடையைத் தந்தது தண்டுவட நீர். நோய் இருக்கும் இடத்துச் சாம்பிளை எடுக்க முடியுமானால், அதற்கு ஈடு ரத்தம் அல்ல.

காசநோயையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அது செல்லுக்குள் ஒளிந்து மெதுவாக வளர்வது. பிளாஸ்மா நெகட்டிவ் என்பதால் சளிப் பரிசோதனையையோ பயாப்ஸியையோ கைவிடக் கூடாது.

படி 8: உறுதி செய்து, மருந்தை மாற்றுவது

முடிவு கையில் வந்ததும் நோயாளியின் படுக்கைக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். தோலில் புதிய புள்ளி உண்டா, லைன் போட்ட இடம் சிவந்திருக்கிறதா, பல் ஈறு எப்படி இருக்கிறது? கிருமியின் பெயர் தெரிந்த பிறகு, நேற்றுவரை கண்ணில் படாத அடையாளம் இன்று தெரியும். பிறகு அந்தப் பெயரை இன்னொரு வழியில் உறுதி செய்யப் பாருங்கள்: அந்தக் கிருமிக்கென்று உள்ள பிசிஆர், நுரையீரல் கழுவிய நீர், முடியுமானால் திசு. உயிருக்கு ஆபத்தான கிருமி என்றால் உறுதிப்படும்வரை மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

மருந்தைக் கூட்டுவதற்கே எல்லோரும் அறிக்கையைப் பயன்படுத்துகிறார்கள். குறைப்பதற்கும் பயன்படுத்தலாம். நான்கு ஆன்டிபயாடிக் ஓடுகிறது, ஒரே காரணம் தெளிவாகத் தெரிந்துவிட்டது, நோயாளியும் தேறுகிறார் என்றால் தேவையில்லாததை நிறுத்துங்கள். அவருடைய சிறுநீரகமும் குடலும் அந்த மருந்துகளைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

படி 9: மறுபடி எடுக்கலாமா

பிசிஆர் என்றால் ஆம், வாராவாரம்கூட. சிஎம்வியை அப்படித்தான் பின்தொடர்கிறோம். 2010-இல் உலக சுகாதார அமைப்பின் அளவுத்தரம் வந்த பிறகு வெவ்வேறு லேப்களின் எண்களுக்கு இடையே நெருக்கம் கூடியிருக்கிறது. இருந்தாலும் ஒரே லேபில், ஒரே வகைச் சாம்பிளில் எடுங்கள். முழு ரத்தத்தில் வரும் எண் பிளாஸ்மாவில் வருவதைவிடப் பொதுவாக அதிகம். எண் மூன்று மடங்குக்கும் மேல் ஏறினாலோ இறங்கினாலோதான் அது மெய்யான மாற்றம். 800 என்பது 1,300 ஆகிவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்களை நினைத்து இதைச் சொல்கிறேன்: அந்த வித்தியாசம் பரிசோதனையின் இயல்பான ஊசலாட்டத்துக்குள் அடங்கும்.

சீக்வென்சிங் என்றால் யோசித்து எடுங்கள். இதய வால்வுத் தொற்றில் பார்த்திருக்கிறார்கள்: கல்ச்சர் சில நாட்களில் நெகட்டிவ் ஆன பிறகும் கிருமியின் டிஎன்ஏ வாரக்கணக்கில் ரத்தத்தில் தெரிகிறது. செத்துக்கொண்டிருக்கும் கிருமிகளும் அதை விடுகின்றன. புதிய காய்ச்சல், புதிய நிழல், மருந்துக்கு அடங்காத நிலை என்றால் மறுபடி அனுப்பக் காரணம் இருக்கிறது. காய்ச்சல் விட்டு, நியூட்ரோபில் ஏறி, சிடி ஸ்கேனில் முடிச்சு சுருங்கிக்கொண்டிருக்கும்போது அறிக்கையில் அதே பெயர் சிறிய எண்ணோடு மீண்டும் வந்தால், மருந்தின் நாட்களை ஸ்கேனையும் ரத்த அணுக்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த எண்ணைப் பூஜ்யமாக்குவதற்காக நீட்டிக்க வேண்டாம்.